ஊசியால் வந்ததா, ஊசியோடு வந்ததா? – குழந்தைத் தடுப்பூசி அட்டவணையும் தமிழ்ச் சொல்வழக்கும்

தமிழில் 'அம்மை' என்னும் சொல் தாயையும் குறிக்கும், நோயையும் குறிக்கும். பெரியம்மை கண்டவரை நம் முன்னோர் 'நோயாளி' என்று சொல்லவில்லை. 'அம்மை வார்த்திருக்கிறது', 'முத்துப் போட்டிருக்கிறது' என்றனர். நோய் தணிந்ததும் 'அம்மை இறங்கிவிட்டாள்' என்றனர்; தலைக்குத் தண்ணீர் ஊற்றி வழிபட்டனர். கடல் கடந்து வந்த தமிழர் இவ்வழிபாட்டையும் உடன் கொண்டுவந்தனர். 1827ஆம் ஆண்டில் நாராயண பிள்ளை சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை எழுப்பிய காலத்தில், பெரியம்மை அன்றாட அச்சமாகவே இருந்தது. அந்நோய் உலகிலிருந்து முற்றிலும் ஒழிந்ததென்று உலகச் சுகாதார மன்றம் 1980 மே மாதத்தில் அறிவித்தது. கோயில் நிற்கிறது, வழிபாடும் நிற்கிறது, நோய் மட்டும் இல்லை.

அதனை ஒழித்த கருவிக்குத் தமிழ் என்ன பெயரிட்டது என்பது மொழியியலாளர்க்குச் சுவையான செய்தி. 1796இல் எட்வர்டு ஜென்னர் பசு அம்மையின் நீரைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று கண்டார். ஆங்கிலேயர் பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் ஆக்கிக்கொண்டனர். தமிழரோ நோயின் பெயரையே அடியாகக் கொண்டு அம்மருந்தை 'அம்மைப்பால்' என்றும், அச்செயலை 'அம்மை குத்துதல்' என்றும் வழங்கினர். இவ்விரு சொற்களையும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் காணலாம். 'அம்மைப்பால்' என்னும்போது, நோய்க்கும் மருந்துக்கும் உள்ள உறவு சொல்லிலேயே விளங்குகிறது. பின்னர் வந்த 'தடுப்பூசி' பயனையும் கருவியையும் இணைத்த சொல். நல்ல சொல்தான். ஆயினும் மருந்து மறைந்து ஊசி முன்னே வந்து நிற்கிறது. 1958இல் சிங்கப்பூரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது ஏறத்தாழ 2 லட்சம் சிறார்க்கு அளிக்கப்பட்ட தடுப்பு மருந்து வாய்வழி மருந்து; அதில் ஊசியே இல்லை.

பெயர் பற்றிய ஆய்வு இக்கட்டுரையின் முடிவன்று, தொடக்கமே. தடுப்பூசி குறித்து நம் வீடுகளில் பேசப்படும் தமிழ் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி. மருத்துவத்தை மருத்துவரே சொல்ல வேண்டும். அவர் சொன்னதை நாம் எந்தத் தொடரில் வைத்துப் புரிந்துகொள்கிறோம், எந்தத் தொடரில் அடுத்தவர்க்குச் சொல்கிறோம் என்பது மொழியைப் பற்றியது. அங்கு நேரும் ஒரு சிறு பிழை, ஒரு குழந்தைக்கு உரிய காலத்தில் கிடைக்க வேண்டியதைத் தவறச் செய்துவிடும்.

அட்டவணை சொல்வது என்ன?

சிங்கப்பூரின் தேசியச் சிறார் தடுப்பூசி அட்டவணை 2020 நவம்பரில் திருத்தியமைக்கப்பட்டது. அதன் அமைப்பு சுருக்கமாக இது: பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பிசிஜியும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையும் போடப்படும். 2, 4, 6 மாதங்களில் தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் இருமல், இளம்பிள்ளைவாதம், ஹிப் கிருமி ஆகிய ஐந்தையும் தடுக்கும் கூட்டூசி போடப்படும். 2ஆம் மாதத்திலும் 6ஆம் மாதத்திலும் ஹெப்படைட்டிஸ் பி மருந்தும் அதனுடன் சேர்ந்து ஆறாகும். நியூமோகாக்கல் தடுப்பூசி 4, 6, 12 மாதங்களில் அமையும். 12ஆம் மாதத்தில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் ஒரே ஊசியும், சின்னம்மைக்கு ஓர் ஊசியும் உண்டு. 15ஆம் மாதத்தில் இந்நான்குக்கும் இரண்டாம் தவணை. 18ஆம் மாதத்தில் ஐந்து நோய்க் கூட்டூசியின் ஊக்கத் தவணை. 6 மாதம் முதல் 5 வயது நிறையும் வரை ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் பரிந்துரைக்கப்படுகிறது. தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்பில் மேலும் ஓர் ஊக்கத் தவணையும், பெண்பிள்ளைகட்கு உயர்நிலைப்பள்ளிப் பருவத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசியும் உள்ளன.

இம்மாதங்கள் வசதிக்காகக் குறிக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. ஹெப்படைட்டிஸ் பி கிருமி பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றினால், பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது நாட்பட்ட நோயாக நிலைத்துவிடும். ஆகவே அவ்வூசி பிறந்த அன்றே தேவைப்படுகிறது. கக்குவான் இருமல் ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தையைத்தான் மிகக் கடுமையாகத் தாக்கும். ஆகவே அதற்கான தொடக்கம் 2ஆம் மாதம். அதற்கு முற்பட்ட வாரங்களுக்கும் காப்பு வேண்டும் என்பதால், கருவுற்ற தாய்மார்க்கே அவ்வூசியைப் போடும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. தட்டம்மையின் நிலை வேறு. தாய் கருவிலேயே அளித்த நோயெதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் உடலில் சில மாதங்கள் தங்கியிருக்கும். அவை உள்ளவரை தடுப்பூசியின் உயிருள்ள வலுவிழந்த கிருமியையும் அழித்துவிடும். ஊசி பயனற்றுப் போகும். தாய் தந்த காப்பு தேய்ந்த பிறகே ஊசிக்கு வேலை உண்டு. ஆகவேதான் 12ஆம் மாதம்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். தட்டம்மையைப் பொறுத்தவரை, ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தன் ஊசி என்று ஒன்று இல்லை. அதன் காப்பு சுற்றியிருப்போரின் உடலில் உள்ளது. தட்டம்மை மிக எளிதில் பரவும் நோய்; தடுப்பாற்றல் இல்லாதவர் நடுவே ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றக்கூடியது. நூற்றுக்கு 95 பேரளவில் தடுப்பாற்றல் பெற்றிருந்தால்தான் அதன் சங்கிலி அறுபடும். அண்டை வீட்டார் தம் பிள்ளைக்கு ஊசி போடுவதைத் தள்ளிவைத்தால், அந்த ஒத்திவைப்பின் விலையை நம் வீட்டுக் கைக்குழந்தையும் கொடுக்க நேரிடலாம்.

'பாதுகாப்பு' என்னும் ஈரடிச் சொல்

'தடுப்பூசியின் பாதுகாப்பு' என்னும் தொடரைப் பாருங்கள். தடுப்பூசி நமக்கு அளிக்கும் பாதுகாப்பு என்று ஒரு பொருள்; தடுப்பூசி தீங்கு செய்யாத தன்மை என்று மற்றொரு பொருள். இரண்டும் வேறுவேறு. முன்னது மருந்தின் ஆற்றலைப் பற்றியது. பின்னது மருந்தின் தீங்கின்மையைப் பற்றியது. 'பாதுகாப்பு நிறைந்தது' என்று விளம்பரத் தாளில் படிக்கும் தாய், எதனைக் கேட்க விரும்பினாரோ அதற்கு விடை கிடைத்ததா என்று அறியாமலே தாளை மடித்துவைக்கிறார். 'காப்பாற்றல்' என்று ஒன்றையும் 'தீங்கின்மை' என்று மற்றொன்றையும் பிரித்து வழங்கினால் இக்குழப்பம் பெரிதும் தீரும்.

தீங்கின்மை என்பதும் 'ஒன்றுமே நேராது' என்று பொருள்படாது. பிசிஜி போட்ட இடத்தில் சில வாரங்கள் கழித்துச் சிறு கட்டி தோன்றி, புண்ணாகி, தழும்பாக ஆறும். அது இயல்பு, களிம்பு தடவ வேண்டியதில்லை. கூட்டூசி போட்ட நாளிலோ மறுநாளோ காய்ச்சலும், தொடையில் வீக்கமும் வலியும் வரலாம். தட்டம்மை ஊசியின் காய்ச்சல் காலந்தாழ்த்து வரும். பெரும்பாலும் 7ஆம் நாள் முதல் 12ஆம் நாளுக்குள். அந்தக் காய்ச்சலால் 3,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வலிப்பு வரக்கூடும். பெற்றோரை நடுங்கவைக்கும் காட்சிதான். ஆயினும் காய்ச்சல் வலிப்பு பொதுவாக நிலையான கேடு எதையும் விட்டுச்செல்வதில்லை. ஊசியே போடாவிட்டாலும், ஐந்து வயதிற்குள் 100 குழந்தைகளில் 2 முதல் 5 குழந்தைகட்கு ஏதேனும் ஒரு காய்ச்சலில் இவ்வலிப்பு வருவதுண்டு. உயிருக்கு ஊறு செய்யக்கூடிய கடும் ஒவ்வாமை மிக அரிது. ஒரு மில்லியன் தவணைகளில் ஏறத்தாழ ஒன்று. அதற்காகவே ஊசி போட்டபின் சிறிது நேரம் மருந்தகத்தில் காத்திருக்கச் சொல்கிறார்கள். நிற்க, தட்டம்மை நோயே வந்தால், ஆயிரம் பேரில் ஒருவர்க்கு மூளை அழற்சி ஏற்படும். 'அரிது' என்னும் ஒரே சொல் ஆயிரத்தில் ஒன்றையும் குறிக்கும். மில்லியனில் ஒன்றையும் குறிக்கும். ஆகவே இத்துறையில் சொல்லுக்குப் பக்கத்தில் எண்ணும் நிற்க வேண்டும்.

மூன்றாம் வேற்றுமையின் பாடம்

இனி இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். பவணந்தி முனிவர் நன்னூலில் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஓடு, ஒடு என்னும் உருபுகளைக் கூறி, கருவி, கருத்தா, உடனிகழ்வு என மூன்று பொருள்களை வகுத்தார். 'வாளால் வெட்டினான்' என்பதில் வாள் கருவி. 'தந்தையோடு மகன் வந்தான்' என்பதில் இருவர் வருகையும் உடனிகழ்வு. மகனைத் தந்தை வரவழைத்தார் என்பது அதன் பொருளன்று. ஒரே வேற்றுமைக்குள் அடங்கினும், ஒன்றன் செயலால் நிகழ்வதும் ஒன்றுடன் சேர்ந்து நிகழ்வதும் வேறு என்று இலக்கணம் தெளிவாகப் பிரித்துவைத்தது.

பேச்சுத் தமிழில் இப்பிரிவினை மங்கிவிடும் இடம் ஒன்று உண்டு. அது வினையெச்சம். 'மழை பெய்து ஏரி நிறைந்தது' என்கிறோம். 'பெய்து' என்பது காலமுறையை மட்டுமே சொல்லும் வடிவம். ஆயினும் கேட்பவர் அதனைக் காரணமாகவே கொள்வர். மழையால் ஏரி நிறைந்தது என்றே பொருள் செய்வர். இங்கு அது சரி. அதே வாய்பாட்டில், 'ஊசி போட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது' என்கிறோம். சொன்னவர் இரண்டு நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தினார், அவ்வளவே. கேட்டவர் காரணத்தைக் கேட்டுக்கொண்டார். அவர் அடுத்தவரிடம் சொல்லும்போது 'ஊசி போட்டதால்' என்றே சொல்வார். 'போட்டபின்' என்பது 'போட்டு' ஆகி, 'போட்டு' என்பது 'போட்டதால்' ஆகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, எச்சம் திரிந்தது.

ஊசியால் வந்ததா, ஊசியோடு வந்ததா என்று எப்படி அறிவது? அருகில் நிகழ்ந்தது என்பது மட்டும் சான்றாகாது. அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். முதல் 18 மாதங்களில் அநேகமாக இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஊசி வருகிறது. குழந்தைக்குப் பல் முளைப்பது, முதல் சளி பிடிப்பது, நடப்பது, பேச்சு வருவது அல்லது வரத் தாமதிப்பது ஆகிய அனைத்தும் இதே மாதங்களில்தான். எது நிகழ்ந்தாலும் அதற்குச் சற்று முன்னர் ஓர் ஊசி இருந்தே தீரும். எனவே ஒரு குழந்தையை மட்டும் பார்த்து விடை காண இயலாது. ஊசி போட்ட பெருங்கூட்டத்தையும் போடாத கூட்டத்தையும் ஒப்பிட வேண்டும். அந்நிகழ்ச்சி இரு கூட்டத்திலும் ஒரே அளவில் இருப்பின் அது 'ஓடு'. ஊசி போட்ட கூட்டத்தில் மிகுந்திருப்பின் 'ஆல்' என்று ஐயுற இடமுண்டு. காலக்கணக்கும் உதவும். தட்டம்மை ஊசி போட்ட அன்றிரவே காய்ச்சல் வந்தால் அது அவ்வூசியின் வேலையாக இருத்தல் அரிது. அன்று உடன் போட்ட வேறு ஊசியாலோ, வேறொரு தொற்றாலோ வந்திருக்கலாம். எட்டாம் நாள் வந்தால் தட்டம்மை ஊசியால் வந்திருக்க வாய்ப்புண்டு. நெருங்கி நிற்பது காரணமாகாமல், தள்ளி நிற்பது காரணமாவதும் உண்டு.

இரண்டு வரலாறுகள்

'ஓடு' என்பதை 'ஆல்' என்று கொண்டதற்கு உலகறிந்த சான்று ஒன்று. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்னும் பிரிட்டிஷ் மருத்துவர், பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் கொண்ட ஓர் ஆய்வை 'லேன்செட்' இதழில் வெளியிட்டு, தட்டம்மைக் கூட்டூசிக்கும் மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்னும் எண்ணத்தைப் பரப்பினார். மதியிறுக்கத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படும் பருவமும் அவ்வூசியின் பருவமும் ஒன்றே. ஆகவே பலர்க்கும் அது நம்பத்தக்கதாகத் தோன்றியது. பல நாடுகளில் பெற்றோர் ஊசியைத் தவிர்த்தனர். தட்டம்மை மீண்டும் தலைதூக்கியது. 2010இல் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். 2019இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 6,57,461 குழந்தைகளின் பதிவுகளை ஒப்பிட்டு, ஊசி போட்டவரிடம் மதியிறுக்கம் மிகுதியாக இல்லை என்று காட்டினர். உடன்பிறந்தார்க்கு மதியிறுக்கம் உள்ள குழந்தைகளிடமும் முடிவு அதுவே.

மற்றொரு வரலாறு இதற்கு நேர்மாறானது. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா கிருமிக்கு எதிராக, 'ரோட்டாஷீல்டு' என்னும் வாய்வழி மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் உரிமம் வழங்கப்பட்டது. சில மாதங்களில், மருந்து பெற்ற குழந்தைகள் சிலர்க்குக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டதாகத் தகவல்கள் வந்தன. முதலில் வந்த தகவல்கள் 15 மட்டுமே. ஆயினும் 1999 ஜூலையில் அம்மருந்தை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தனர். அவ்வாண்டிலேயே அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அக்கேடு மருந்தால் நேர்ந்ததென்று தெரிந்தது. பின்னர் வந்த இரண்டு ரோட்டா மருந்துகளும் தனித்தனியே 60,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட பின்னரே உரிமம் பெற்றன. அப்பேரெண்ணிக்கை தேவைப்பட்டதற்குக் காரணம் ரோட்டாஷீல்டு கற்பித்த பாடமே.

இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால், ஐயம் எழுப்பும் பெற்றோர் அனைவரும் அறியாதவர் என்பதுபோல் ஒலிக்கும். இரண்டாவதை மட்டும் சொன்னால், மருந்துகள் எல்லாம் ஆபத்தானவை என்பதுபோல் ஒலிக்கும். கேள்வி இரு வரலாற்றிலும் ஒன்றே: 'ஆல்' என்பதா, 'ஓடு' என்பதா? அதற்கு ஒப்பீடு ஓரிடத்தில் 'ஓடு' என்றும் மற்றோரிடத்தில் 'ஆல்' என்றும் விடை தந்தது. 'ஆல்' என்று தெரிந்தபோது மருந்தை விலக்கத் தயங்காத முறை, 'ஓடு' என்று சொல்லும்போது நம்பத்தக்கதாகிறது. சிங்கப்பூரிலும் ஊசிக்குப் பின் நேரும் பாதகங்களை மருத்துவர்கள் சுகாதார அறிவியல் ஆணையத்திற்குத் தெரிவிக்கும் ஏற்பாடு உண்டு. பெற்றோர் மருத்துவரிடம் சொன்னால்தான் அவர் அங்குச் சொல்ல முடியும்.

'வேண்டும்' என்பதன் எடை

இன்னும் ஒரு சொல் எஞ்சியிருக்கிறது. தமிழ்ச் சிற்றேடுகளில் ஏறக்குறைய எல்லா வாக்கியங்களும் 'வேண்டும்' என்றே முடிகின்றன. இச்சொல் கட்டளைக்கும் உரியது, அறிவுரைக்கும் உரியது. சிங்கப்பூரில் தொண்டை அடைப்பானுக்கான ஊசி 1962 முதலும், தட்டம்மைக்கான ஊசி 1985 முதலும் சட்டப்படி கட்டாயமானவை. அட்டவணையின் ஏனைய ஊசிகள் பரிந்துரைக்கப்பட்டவை. இரண்டையும் 'போட வேண்டும்' என்று ஒரே முடிபில் எழுதினால், படிப்பவர் ஒன்று எல்லாவற்றையும் கட்டளையாகக் கொள்வர், அல்லது எல்லாவற்றையும் அறிவுரையாகத் தளர்த்திக்கொள்வர். 'சட்டப்படி கட்டாயம்', 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று பிரித்து எழுதுவது மொழிபெயர்ப்பாளர்க்குக் கூடுதல் சுமையன்று. 'பரிந்துரை' என்பதனால் அதன் தேவை குறைந்ததென்றும் ஆகாது. கக்குவான் இருமலுக்குச் சட்டத்தைப் பற்றிய கவலை இல்லை.

மருந்தகத்தில் பெற்றோர் கேட்கத்தக்க வினாக்கள் சிலவற்றைத் தமிழில் அமைத்துத் தருவது பயனுடையதாகும். இன்று போடும் ஊசி எந்தெந்த நோய்க்கு? இதனால் என்ன வரக்கூடும், எத்தனையாம் நாள் வரக்கூடும்? எந்த அறிகுறி கண்டால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்வது? என் பிள்ளைக்கு முன்னர் ஊசியால் கடும் ஒவ்வாமை வந்திருந்தால், அல்லது நோயெதிர்ப்பாற்றலைப் பாதிக்கும் குறைபாடு இருந்தால் எந்த ஊசியைத் தவிர்ப்பது? இலேசான சளி இருந்தால் இன்றே போடலாமா? கடைசி வினாவுக்குப் பெரும்பாலும் 'போடலாம்' என்பதே விடை. ஒரு தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதையும் பலர் அறியார். பல கிருமிகட்கு ஒரே நாளில் ஊசி போடுவது பிஞ்சுடலுக்குச் சுமையாகாதா என்பதும் அடிக்கடி எழும் வினா. பழைய கக்குவான் ஊசி ஒன்றிலேயே ஏறத்தாழ 3,000 புரதப் பொருள்கள் இருந்தன. இன்றைய கூட்டூசியில் அந்நோய்க்கெனச் சேர்க்கப்படுபவை இரண்டு முதல் ஐந்து வரையே. ஊசிகள் தடுக்கும் நோய்கள் பெருகின. ஊசிக்குள் இருக்கும் பொருள் குறைந்தது.

நம் வீடுகளில் இத்தகைய முடிவுகள் பெற்றோரால் மட்டும் எடுக்கப்படுவதில்லை. பாட்டியின் சொல்லும் தாத்தாவின் நினைவும் அதில் பங்கு பெறுகின்றன. பெற்றோர் ஆங்கிலத்தில் படித்ததைப் பாட்டியிடம் தமிழில் சொல்லத் தெரியாமல் நிற்கும்போது, பாட்டி தாம் கேள்விப்பட்டதைத் தமிழில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். அந்த உரையாடலில் தெளிவான தமிழே வெல்லும். அது சரியானதாகவும் இருக்க வேண்டும் என்பதே நம் கவலை. 'ஊசி போட்டு இப்படி ஆயிற்று' என்று யாரேனும் சொல்லும்போது, 'போட்டதால் என்கிறீர்களா, போட்டபின் என்கிறீர்களா?' என்று மரியாதையோடு ஒருமுறை கேளுங்கள். விடை தெரியாவிட்டால், மறுநாள் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் அதே வினாவைக் கேட்கலாம்.